தலைக்கு டை அடிக்கும்போது முடிக்குள் என்ன நடக்கிறது?

யாங்கோனில் தீபாவளியோ, கல்யாணமோ, கோயில் திருவிழாவோ நெருங்கினால் வீட்டுக்கு வீடு டைக் கிண்ணம் வெளியே வந்துவிடும். கூடவே யோசனைகளும் வரும். "ஒரு தடவை அடித்தால் மிச்ச முடியும் நரைத்துவிடும்." "அம்மோனியா இல்லாததை வாங்கு, பயமே இல்லை." "கருப்பு மருதாணி இயற்கையானது." "அரை மணி போதாது, ஒரு மணி நேரம் ஊறினால்தான் பிடிக்கும்." இந்த நான்குமே தவறு. நான்கையும் நம்பி நெற்றி வீங்கியவர்களும், நுனி முடி நாராகிப் போனவர்களும் நம்மிடையே நிறையப் பேர்.

நான்குக்கும் வேர் ஒன்றுதான்: டை என்பது முடிமேல் பூசுகிற பெயிண்ட் என்ற எண்ணம். நரையை நிரந்தரமாக மறைக்கிற டையின் டியூபைப் பிதுக்கிப் பாருங்கள். வெளியே வருவது வெள்ளையான அல்லது வெளிர்மஞ்சளான கிரீம். கருப்பு அதில் இல்லை. அது உங்கள் முடிக்குள்ளேதான் உண்டாகிறது. எப்படி என்று தெரிந்துகொண்டால், பெட்டிக்குள் இருக்கும் தாள் சொல்கிற ஒவ்வொரு விதிக்கும் காரணம் தானாகப் புரியும்.

ஒரு முடிக்குள் என்ன இருக்கிறது

முடியின் வெளிப்புறத்தில் ஒளி ஊடுருவும் மெல்லிய செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. இந்த உறைக்குப் பெயர் க்யூட்டிகிள். இதற்கு நிறம் கிடையாது. உள்ளே இருப்பதைக் காப்பது இதன் வேலை. அதற்குள்ளே புரத நார்களால் ஆன கார்டெக்ஸ். முடியின் பருமனில் பெரும்பகுதி இதுதான். நம் முடிக்குக் கருமை தருகிற மெலனின் என்ற நிறமித் துகள்கள் இங்கேதான் பதிந்திருக்கின்றன.

வேரில் மெலனின் உற்பத்தி நின்றுவிட்டால், அங்கிருந்து முளைக்கும் முடி வெள்ளையாக வரும். சாம்பல் நிறத் தலை என்று நாம் சொல்வது வெள்ளை முடியும் கருப்பு முடியும் கலந்து தெரிவதே. முக்கியமான விஷயம்: தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை. அதன்மேல் என்ன தடவினாலும், நரைக்கச் சொல்லி வேருக்குச் செய்தி அனுப்ப அதனால் முடியாது.

வாழைக்காய் நறுக்கும்போது நடப்பது

வாழைக்காய் நறுக்கினால் வெட்டிய இடம் முதலில் வெளுப்பாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி, பிறகு கருக்கும். காயில் இருக்கும் நிறமற்ற சிறு சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சந்தித்து, ஒன்றோடொன்று இணைந்து, பெரிய கருநிற மூலக்கூறுகள் ஆவதால் வருகிற கருமை அது. கையில் படிந்தால் சோப்புக்கும் லேசில் போகாது. அதனால்தான் நறுக்குவதற்கு முன்பே விரலில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம்.

நிரந்தர டையும் ஏறக்குறைய இந்த வழியில்தான் வேலை செய்கிறது. கிரீமில் நிறமற்ற சிறு மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றில் முதன்மையானது பாரா-பினிலீன்டையமின், சுருக்கமாகப் பிபிடி. கூடவே, பிபிடியோடு சேர்ந்து நிறச்சாயலைத் தீர்மானிக்கும் துணைச் சேர்மங்களும் இருக்கும். இவை எல்லாம் சிறியவை என்பதால் க்யூட்டிகிளைத் தாண்டி உள்ளே போக முடிகிறது. உள்ளே போனபின் ஆக்சிஜன் அவற்றை இணைக்கிறது. இணைந்து பெரிதானவை வந்த வழியே திரும்ப முடியாமல் கார்டெக்ஸில் சிக்கிக்கொள்கின்றன. பத்துத் தடவை ஷாம்பு போட்டாலும் நிறம் நிற்பது இதனால்தான். பாரிஸில் வேதியியலாளர் யூஜின் ஷுயெல்லர் 1907இல் தயாரித்து விற்கத் தொடங்கிய டையிலிருந்து இன்றுவரை அடிப்படை வேதியியல் பெரிதாக மாறவில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: செதில் திறக்க வேண்டும், சிறியவை உள்ளே போக வேண்டும், உள்ளே இணைந்து பெரிதாக வேண்டும். இந்த மூன்றுக்கும் நேரம் தேவை. அந்த நேரத்துக்கு ஓர் எல்லையும் உண்டு.

பெட்டியில் ஏன் இரண்டு பாகம்

கிரீமில் பிபிடியோடு ஒரு காரப் பொருளும் இருக்கும், வழக்கமாக அம்மோனியா. அது முடியை வீங்கவைத்துச் செதில்களை விரிக்கிறது. இன்னொரு பாட்டிலில் இருப்பது டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த திரவம் அல்லது கிரீம். தேவையான ஆக்சிஜனைத் தருவது இதுதான். இரண்டையும் ஒரே பாட்டிலில் அடைத்தால் கடையிலேயே கருத்துவிடும். அதனால்தான் பிரித்து விற்கிறார்கள். அடிக்கும் நேரத்தில்தான் கலக்கச் சொல்கிறார்கள்.

பெராக்சைடு இன்னொரு வேலையும் செய்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் சொந்த மெலனினையும் அது வெளுக்கவைக்கிறது. "டை அடித்த பிறகு நரை கூடிவிட்டது" என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். நரைக்காத கருமுடியும் உள்ளுக்குள் கொஞ்சம் வெளுத்திருக்கும். சில வாரங்களில் செயற்கை நிறம் மங்கும்போது அந்த முடி செம்பட்டையாகத் தெரியும். அடியில் புதிதாக முளைத்த வெள்ளை வேர், மேலே இருக்கும் கருப்புக்குப் பக்கத்தில் பளிச்சென்று கண்ணில் படும். நரைத்த முடிகளின் எண்ணிக்கை அதன் போக்கில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

டெவலப்பரின் வலிமை பாட்டிலில் எழுதியிருக்கும்: 3 சதவீதம், 6, 9, 12. சிலவற்றில் இதையே 10, 20, 30, 40 வால்யூம் என்று போட்டிருப்பார்கள். நரையைக் கருப்பாலோ அடர்பழுப்பாலோ மறைக்க 6 சதவீதம் போதும். 12 சதவீதத்தை வீட்டில் தொட வேண்டாம். தலைத்தோலைச் சுடும், கருப்பு கூடுதலாகவும் வராது.

"அம்மோனியா இல்லை" என்று எழுதிய டையில் அதற்குப் பதில் எத்தனோலமைன் போன்ற வேறொரு காரப் பொருள் இருக்கும். அது ஆவியாவதில்லை, ஆகவே மூக்கைத் துளைக்கும் நெடி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். பிபிடியும் பெராக்சைடும் அதிலும் இருக்கலாம். அலர்ஜி தருவது முக்கியமாகப் பிபிடி. அம்மோனியா இல்லாததால் அந்த ஆபத்து ஒரு துளியும் குறையாது.

மருதாணி, அவுரி, "கருப்பு மருதாணி"

மருதாணி இலையில் லாசோன் என்ற நிறமி இருக்கிறது. பெராக்சைடு உதவி இல்லாமலே அது முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளை முடியில் ஆரஞ்சாகப் பிடித்து, இரண்டு மூன்று நாளில் செம்பழுப்பாக ஆழமாகும். மெலனினை வெளுக்காததால் கருமுடியில் வெயில் படும்போது மட்டும் செம்மை தெரியும். மருதாணி மட்டும் போட்டுக் கருப்பு வராது. இரும்புக் கடாயில் ஊறவைத்தாலும், இரும்புச் சத்துள்ள குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தாலும் இன்னும் அடர்த்தியான பழுப்பு வரும், அதற்கு மேல் போகாது.

கருப்பு வேண்டுமானால் மருதாணிக்குப் பிறகு அவுரி, அதாவது நீலச் சாயம் தரும் செடியின் இலைப் பொடி. மருதாணியை அலசியபின், அவுரிப் பொடியை வெறும் தண்ணீரில் குழைத்து, 10 முதல் 15 நிமிடத்துக்குள் தலையில் போட்டு, ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். மருதாணியை ராத்திரியே ஊறவைக்கலாம். அவுரியை அப்படி ஊறவைத்தால் வீரியம் போய்விடும். மருதாணி போடாமல் அவுரியை மட்டும் வெள்ளை முடியில் வைத்தால் நீலமோ பச்சையோ அடிக்கும். தோள்வரை முடிக்கு ஒவ்வொன்றிலும் 100 கிராம் வேண்டும். இரண்டு நாள் ஷாம்பு கூடாது.

இப்போது அந்தச் சின்னப் பாக்கெட்டுக்கு வருவோம். தண்ணீரில் கரைத்து 20, 30 நிமிடத்தில் கன்னங்கரேல் என்று ஆகிற "கருப்பு மருதாணி"ப் பொடி. மருதாணிக்கு அந்த வேகமும் கிடையாது, அந்தக் கருப்பும் கிடையாது. அதில் வேலை செய்வது பிபிடியும், பெராக்சைடு தருகிற ஓர் உப்பும்தான். மருதாணிப் பொடி பேருக்குக் கலந்திருக்கும். இயற்கை என்று நம்பி, சோதிக்காமல் வாரா வாரம் அடிப்பதால் இதுவே கிரீம் டையைவிட ஆபத்தாகிவிடுகிறது.

டெவலப்பர் இல்லாமல் வரும் தற்காலிக டைகளும் உண்டு. அவற்றில் நிறம் ஏற்கெனவே உருவாகியிருக்கும். முடியின் மேற்பகுதியிலேயே தங்கி, சில வாரக் குளியலில் போய்விடும். நரை கொஞ்சமாக இருப்பவர்களுக்கு இவை போதும்.

பெட்டிப் படத்தில் இருந்த நிறம் எங்கே போயிற்று

தாய்லாந்துப் பெட்டியோ, கொரியப் பெட்டியோ, மொழி தெரியாவிட்டாலும் எண்ணைப் படிக்கலாம். பெரும்பாலான கம்பெனிகளில் 1 என்றால் கருப்பு, 3 அடர்பழுப்பு, 4 பழுப்பு, 5 வெளிர்பழுப்பு. அங்கிருந்து 10வரை ஏற ஏற வெளுப்பு. புள்ளிக்கோ சாய்கோட்டுக்கோ பிறகு வரும் எண் சாயலைக் குறிக்கும். அங்கே 0 இருந்தால் இயல்பான சாயல். நரையை நன்றாக மூடுவது இதுதான். சிவப்புச் சாயலை மட்டும் வெள்ளை முடியில் அடித்தால் ஒளி ஊடுருவும் பளபளப்பான செம்மைதான் கிடைக்கும்.

நம் முடி பெரும்பாலும் 1 அல்லது 2. 6 சதவீத டெவலப்பர் அதை ஒன்றிரண்டு படிதான் ஏற்றும். ஆகவே 7ஆம் எண் பெட்டியை வாங்கி அடித்தால் கருமுடியில் அநேகமாக எதுவும் தெரியாது. வெள்ளை முடியிலோ தடுக்க மெலனின் இல்லாததால் அது அப்படியே ஏறும். முடிவு: கருந்தலையில் ஆங்காங்கே தங்கக் கம்பிகள். அதிக நரை உள்ளவர்கள் 3 அல்லது 4ஐ எடுப்பது நல்லது. 1ஆம் எண் முகத்துக்குக் கடுமையாகத் தெரியும். வேர் வளரும்போது வெள்ளைக் கோடும் கூர்மையாகத் தெரியும். 3இல் அந்தக் கோடு அவ்வளவு உறுத்தாது.

இன்னொன்று: ஏற்கெனவே டை அடித்த கருமுடியை வேறொரு வெளிர் டை வெளுக்கவைக்காது. டைமேல் டை படியும், அவ்வளவுதான்.

அலர்ஜி: இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்

"பத்து வருஷமாக அடிக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்பது உத்தரவாதம் ஆகாது. பிபிடி அலர்ஜி பழகப் பழக வரக்கூடியது. பல தடவை பேசாமல் இருந்த உடல் ஒருநாள் அதை எதிரியாக அடையாளம் கண்டுவிடும், அதன்பின் மறப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் வீரியம் கூடலாம். அறிகுறி உடனே வராது, 24 முதல் 72 மணி நேரம் கழித்து வரும்: முடிக்கரையில் அரிப்பு, காதுமடலில் நீர்க்கசிவு, கண்ணிமை வீங்கி மூடிக்கொள்வது. இது தாமதமாக வருவதால்தான் பலர் சாப்பிட்ட இறாலைக் குறை சொல்லிவிட்டு அடுத்த மாதமும் அதே டையை அடிக்கிறார்கள்.

பெட்டித் தாள் சொல்கிறபடி, அடிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பொட்டு அளவு தடவிப் பாருங்கள். சிவந்தாலோ, அரித்தாலோ, கொப்பளித்தாலோ அந்த டை உங்களுக்குக் கிடையாது. பிபிடி உள்ள வேறு எதுவும் கிடையாது. ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் சோதனை வேண்டும். கையில் கருப்பு மருதாணி வரைந்து எப்போதாவது புண்ணாகியிருந்தால், தோல் மருத்துவரைக் கேட்காமல் தலைக்கு டை வேண்டாம். மூச்சுத் திணறினால், உதடோ நாக்கோ வீங்கினால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

புருவத்துக்கும் இமைமுடிக்கும் ஒருபோதும் அடிக்காதீர்கள். அமெரிக்காவில் 1933இல் 'லாஷ் லூர்' என்ற பிபிடி கலந்த இமைமுடிச் சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள். அழகுப் பொருள்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். பாக்கெட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிபிடி வயிற்றுக்குள் போனால் கழுத்து வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகமும் கெடும். உயிரே போகலாம்.

புற்றுநோய் பற்றியும் கேட்பார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், நாள் முழுக்க டையோடு புழங்கும் முடிதிருத்தும் தொழிலை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வரிசையில் வைத்திருக்கிறது. சொந்தத் தலைக்கு அடித்துக்கொள்வதை, வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்ற வரிசையில் வைத்திருக்கிறது.

வீட்டில் அடிக்கும் முறை

முதலில் தண்ணீர். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் நின்றுவிடும். தலையில் டையோடு காத்திருந்தால் பெராக்சைடு முடியை அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கிரீமைக் கலப்பதற்கு முன்பே இரண்டு மூன்று வாளி நிரப்பி வைத்துவிடுங்கள்.

முந்தின நாள் ஷாம்பு போட்டு எண்ணெயை எடுத்துவிடுங்கள். அதன்பின் எண்ணெய் வேண்டாம். தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கிற நமக்கு இது முக்கியம். எண்ணெய்ப் படலம் தடித்திருந்தால் டை சீராக இறங்காது. அடிக்கிற அன்றைக்கே தலை குளிக்கவும் வேண்டாம், தோலில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெய் எரிச்சலைக் குறைக்கும். நெற்றிக்கரை, காது, பின்கழுத்து இங்கெல்லாம் வாஸ்லின் தடவுங்கள். முகத்தில் தனகா இருக்கிறது, போதும் என்று விடாதீர்கள். அது தண்ணீரில் அரைத்த பூச்சு, டையைத் தடுக்காது.

60 கிராம் டியூபுக்கு, பெட்டியில் உள்ளபடி 60 அல்லது 90 மில்லி டெவலப்பர். அளவைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். டெவலப்பர் கூடினால் நிறம் நீர்த்துப்போகும், குறைந்தால் முழுமையாக உருவாகாது. ஆண்களின் குட்டை முடிக்கு அரை டியூப், தோள்வரை ஒன்று, இடுப்புவரை அடர்த்தியாக இருந்தால் குறைந்தது மூன்று வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கி இழுத்துப் பூசுவதுதான் திட்டுத்திட்டாக வருவதற்கு முதல் காரணம். கிண்ணம் பிளாஸ்டிக்கோ பீங்கானோ இருக்கட்டும். எவர்சில்வரும் அலுமினியமும் வேண்டாம், உலோகம் பெராக்சைடைச் சிதைக்கலாம்.

கையுறை போட்டு, உலர்ந்த முடியை நான்காகப் பிரித்து, அரை சென்டிமீட்டர் வகிடாக எடுத்து, பிரஷால் வேரில் வையுங்கள். தோலில் தேய்க்காதீர்கள். நரை முரட்டுத்தனமாக நிற்கும் நெற்றியோரத்திலும் கன்னப்பொறியிலும் முதலில் தொடங்கினால் அந்த இடங்களுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். பூசி முடித்ததிலிருந்து தாளில் உள்ள நேரத்தைக் கணக்கிடுங்கள்; வழக்கமாக 30 முதல் 35 நிமிடம். அதற்குள் இணைப்பு வேலை முடிந்துவிடும். ஒரு மணி நேரம் வைத்தால் நிறம் ஏறாது, காரமும் பெராக்சைடும் முடியைக் கெடுப்பது மட்டும் தொடரும்.

கொஞ்சம் தண்ணீர் விட்டு நுரைக்கப் பிசைந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, கண்டிஷனர் போடுங்கள். அது லேசான அமிலத்தன்மை உடையது. விரிந்த செதில்களை அடங்கவைக்கும். மீந்த கலவையை மூடிப் போட்டு எடுத்து வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். எப்படியும் அதற்கு நிறம் தரும் சக்தி போய்விட்டிருக்கும்.

திருவிழாவும் மறுபடி அடிப்பதும்

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, புதிதாக முளைத்த வேருக்கு மட்டும் அடித்தால் போதும். நுனிவரை ஒவ்வொரு தடவையும் இழுத்தால் அங்கே டைமேல் டை படிந்து, உயிரற்ற மைக்கருப்பாகும். நுனி மங்கியிருந்தால் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் இழுத்துவிடலாம்.

ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின நாள் அடிக்காதீர்கள். மணிக்கணக்கில் நனைந்து ஊறும் முடியிலிருந்து புது நிறம் சீக்கிரம் கசியும், வெள்ளைச் சட்டையும் பாழாகும். திருவிழா முடிந்தபின் அடிப்பதே சரி. புது வருஷத்துக்குத் தலை கழுவ தெயின்ஜீ சந்தையில் விற்கும் தயோ கின்பூன், அதாவது தயோப் பட்டையும் நம் சீயக்காயும் சேர்த்துக் காய்ச்சிய நீர், எண்ணெயை நன்றாக எடுக்கும். டை அடிப்பதற்கு முந்தின நாள் கழுவ அது மிகவும் ஏற்றது. அடித்தபின் மூன்று நாளாவது தள்ளிப் போடுங்கள்.

தப்பாகிவிட்டால்

நெற்றியோரத்தில் வெள்ளை மிஞ்சினால் எண்ணெயோ, பூசியது மெலிவாக இருந்ததோ காரணம். ஒரு வாரம் கழித்து அங்கே மட்டும் அடியுங்கள். அதிகக் கருப்பாகிவிட்டால் முதல் சில நாள் தினமும் ஷாம்பு போட்டால் கொஞ்சம் இறங்கும். பிளீச் பவுடரை வீட்டில் எடுக்க வேண்டாம். தோலில் கறை படிந்தால் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடையுங்கள்.

என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியைப் பல மாதம் போட்டவர்கள் கிரீமுக்கு மாறும்போது, சீப்பில் வந்த முடியைச் சேர்த்து, கலந்த டையில் அரை மணி நேரம் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். பொடியில் உலோக உப்பு இருந்தால் பெராக்சைடு பட்டதும் சூடேறும், நுரைக்கும், முடி நொறுங்கும் அல்லது பச்சையாகும். அப்படி நடந்தால், பொடி போட்ட முடி முழுவதும் வளர்ந்து வெட்டப்படும்வரை கிரீம் டை கூடாது.

ஈரமான முடி ஒன்றை மெதுவாக இழுத்தும் பாருங்கள். நல்ல முடி சற்று நீண்டு பழையபடி சுருங்கும். நீண்டுகொண்டே போய் அறுந்தால் உள்நார்கள் தளர்ந்துவிட்டன. நுனியைக் கத்தரித்துவிட்டு, மூன்று மாதமாவது டை இல்லாமல் விடுங்கள்; குளிக்கும் முன் அரை மணி நேரம் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள்.